ஏ2 லைசென்ஸ் பிள்ளைகளே, சான்றிதழை நம்பி பைக் வாங்காதீர்கள்: என் 4,650 பவுண்ட் போய்விட்டது

நேற்றுப் பின்னேரம்தான் எனக்குப் பைக் விற்ற கடையின் கடைசிப் பதில் வந்தது. ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. லண்டனில் ஏ2 (35 கிலோவாட் சக்தி வரையான பைக் மட்டும் ஓட்டலாம் என்ற லைசென்ஸ்) எடுத்துவிட்டுப் பழைய பைக் தேடுகிறவர்கள் தயவுசெய்து இதை வாசியுங்கள்.

இரண்டு வருடம் 125 சிசி பைக்கில் சாப்பாடு டெலிவரி ஓடிச் சேர்த்த காசு. மழை, பனி எல்லாம் பார்த்துச் சேர்த்தது. கடை, பழைய பைக் வாங்கி விற்கும் இடம். விற்றவர் எங்கள் ஆள். "தம்பி எந்த ஊர்?" என்று கேட்டார். அம்மாவின் ஊரைச் சொன்னதும் கதிரையை இழுத்துப் போட்டுத் தேத்தண்ணி தந்தார். அந்தத் தேத்தண்ணியில்தான் விழுந்தேன்.

பைக் யமஹா எம்டி-09. "இது பெரிசெல்லோ அண்ணை, என்ர லைசென்ஸுக்குச் சரிவருமோ?" என்று நானேதான் கேட்டேன். ஆக்ஸிலரேட்டரைத் திருகிப் பார்க்கச் சொன்னார். பாதியில் டக்கென்று நின்றது. "பாத்தீரோ? இதுக்கு மேல போகாது. 35 கிலோவாட்தான்." சக்தியை 35க்குக் குறைத்தாயிற்று என்று லேமினேட் செய்த ஒரு சான்றிதழையும் கையில் தந்தார். "காசை பேங்கில போட்டுவிடும், நூறு குறைக்கிறன்" என்றார். போட்டேன். 4,650 பவுண்ட்.

மூன்றாம் வாரம் லாக் புக், அதாவது பைக்கின் பதிவுப் பத்திரம், தபாலில் வந்தது. பைக்கின் சக்தியைக் காட்டும் பி.2 என்ற பெட்டியில் 84.6 கிலோவாட். எனக்குப் பழக்கிய மாஸ்டரிடம் காட்டினேன். பார்த்ததும் தலையில் கை வைத்தார். ஏ2காரர் ஓட்டும் பைக்கை 35க்குக் குறைத்திருந்தாலும், அதன் மூலச் சக்தி 70ஐத் தாண்டக் கூடாதாம். எம்டி-07, எஸ்வி650 மாதிரிச் சின்ன பைக்குகள் அதற்குள் அடங்கும். இது எந்தத் தகடு வைத்துக் குறைத்தாலும் எனக்கு ஆகாது. பிடிபட்டிருந்தால் இன்சூரன்ஸ் இல்லாமல் ஓடிய கேஸும் சேர்ந்திருக்கும், அதற்கு மட்டுமே லைசென்ஸில் ஆறு தண்டனைப் பாயின்ட். மூன்று வாரம் அதில்தான் வேலைக்குப் போய் வந்தேன்!

அன்றே கடைக்குப் போன் செய்தேன். "முதலாளி லீவு." அடுத்த கிழமை, "மெக்கானிக்கைக் கேட்டுச் சொல்லுறன்." பிறகு போனே எடுக்கவில்லை. நேரில் போனேன். தேத்தண்ணி தந்த அதே மனிதர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. நேற்று வந்த மெசேஜ்: "30 நாள் முடிஞ்சுது, ஒண்டும் செய்யேலாது." பிழையான பொருளைத் திருப்பிக் கொடுத்து முழுக் காசையும் கேட்கும் 30 நாள் அது. 4,650 பவுண்டுக்கு ஒரு வரி பதில்.

விரிவாக எழுதத்தான் நினைத்தேன், முடியவில்லை. இவற்றையாவது செய்யுங்கள். காசு கொடுக்கும் முன் லாக் புக்கில் பி.2ஐக் கண்ணால் பாருங்கள். 70க்கு மேல் என்றால் எழும்பி வந்துவிடுங்கள். ஒரு பகுதியையாவது கிரெடிட் கார்டில் கட்டுங்கள், அப்போதுதான் கார்டு கம்பெனியிடமும் கேட்கலாம். பிழை கண்டால் 30 நாளுக்குள் "பைக் வேண்டாம், காசைத் திருப்பித் தா" என்று ஈமெயிலில் எழுதுங்கள். நான் போனிலேயே கெஞ்சிக்கொண்டிருந்தேன், எழுத்தில் ஒரு வரி இல்லை.

30 நாள் போனாலும் உரிமை முழுதாகப் போகாது என்கிறார்கள். ஸ்மால் க்ளெய்ம்ஸுக்கு (சின்னத் தொகை வழக்குகளுக்கான கோர்ட்) போக முதல் அனுப்பவேண்டிய கடிதத்தை இன்றிரவு எழுதுகிறேன்.