இரண்டு வருடம், ஒரு ஏர் ரைஃபிள், பதினோரு வகை பெல்லட்

மெரினாவில் பலூன் சுடுகிற துப்பாக்கியா என்று கேட்காத உறவினர் என் வீட்டில் இல்லை. சென்னையில் பிறந்த ககன் நாரங் 2012 லண்டன் ஒலிம்பிக்கில் வெண்கலம் வாங்கியது இந்த 10 மீட்டர் ஏர் ரைஃபிளில்தான் என்று சொன்னால், "அப்படியா?" என்று கேட்டுவிட்டு மறுபடி பலூனுக்கே போவார்கள். சரி, விடுங்கள்.

வால்தர் எல்ஜி400 என்ற ஏர் ரைஃபிள் வாங்கி இரண்டு வருடம் ஆகிறது. ட்ரிகர், பிடி, கன்னத்தில் அணைகிற கட்டை, எதைப் பற்றியும் எனக்குக் குறை இல்லை. இவற்றைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். நான் சொல்ல வந்தது பெல்லட், அதாவது இதில் போட்டுச் சுடும் சின்ன ஈயக் குண்டு பற்றிய விவகாரம். பெரிய துப்பாக்கிக்காரர்கள் வெடிமருந்தை மில்லிகிராம் கணக்கில் அளந்து, தோட்டாவைத் தாங்களே நிரப்பி, தங்கள் பேரலுக்கு (துப்பாக்கிக் குழலுக்கு) ஏற்றதைத் தேடுவார்கள். நமக்கு அந்த வேலை இல்லை. இங்கே மருந்து என்பது சிலிண்டரில் 200 பாரில் அடைத்த காற்று. நாம் மாற்றிப் பார்க்கக்கூடியது அரை கிராம் சொச்சம் எடையுள்ள ஈயத் துண்டு ஒன்றை மட்டும்தான்.

முதல் தப்பு என்னுடையதே. ரேஞ்சில் நன்றாகச் சுடும் ஒருவர் பயன்படுத்தும் பெல்லட்டையே எட்டு டப்பா வாங்கினேன். டப்பாவுக்கு 500 பெல்லட், ஆக 4000. பேரலுக்குப் பேரல் பொருத்தம் மாறும் என்று கோச் முன்பே சொல்லியிருந்தார். காதில் ஏறவில்லை. மூன்று மாதம் ஸ்கோர் 604, 606 என்று நொண்டியது. 60 ஷாட்டில் ஒவ்வொன்றுக்கும் அதிகபட்சம் 10.9, மொத்தம் 654. என் மூச்சையும் நிற்கும் விதத்தையும் குறை சொல்லிக்கொண்டே இருந்தேன்.

கடைசியில் கோச்தான், "தம்பி, உன்னைக் கொஞ்சம் ஓரமா வெச்சிட்டு ரைஃபிளை மட்டும் சுடவிட்டுப் பாரு" என்றார். ரைஃபிளை வைஸில் (அசையாமல் இறுக்கிப் பிடிக்கும் பிடிகருவியில்) கட்டி அதே பெல்லட்டில் பத்து சுட்டோம். ஓட்டைகள் சேர்ந்து ஒரே கிழிசலானது. அதன் வெளிவிளிம்பை வெர்னியரால் அளந்தால் 8.5 மி.மீ. பெல்லட்டின் குறுக்களவு 4.5 போனால் மீதி 4 மி.மீ. சிதறல். இந்த விளையாட்டில் நடுவிலிருந்து ஒவ்வொரு 0.25 மி.மீ. விலகலுக்கும் 0.1 புள்ளி போகும். ஓரத்தில் விழுகிற பெல்லட் 2 மி.மீ. தள்ளிப் போகிறது என்றால், நான் நூல் பிடித்தாற்போல் நடுவில் குறி வைத்தாலும் கிடைப்பது 10.2. என் கை நடுக்கத்துக்கு முன்பே கழிவு ஆரம்பித்துவிடுகிறது.

அப்புறம் பதினோரு வகையைச் சோதித்தேன். பெல்லட்டின் தலை அளவு 4.49, 4.50, 4.51 மி.மீ. என்று டப்பாவில் போட்டிருக்கும். ஒரே பிராண்டின் ஒரே அளவிலும் லாட் (ஒரே தடவையில் தயாரான தொகுதி) மாறினால் குணம் மாறுகிறது. ஆரம்பத்தில் ஐந்து ஐந்தாகச் சுட்டு ஏமாந்தேன். ஐந்து ஷாட்டில் அழகாகக் குவிந்த லாட், ஐம்பது சுட்டதும் சாயம் வெளுத்துவிட்டது. பத்து ஷாட் வீதம் ஐந்து குரூப் (ஒரே குறியில் சுட்ட ஓட்டைகளின் கூட்டம்) என்பதுதான் இப்போது என் குறைந்தபட்சம். பேரலைச் சுத்தம் செய்தவுடன் முதல் இருபது ஷாட்டைக் கணக்கில் சேர்ப்பதில்லை. ஈயம் மறுபடி பேரலில் படியும்வரை குறி அலைகிறது.

நடுவில் ஒரு பைத்தியக்காரத்தனமும் நடந்தது. தி. நகரில் நகைக்கடையில் வேலை பார்க்கும் மைத்துனரிடம் தராசு இரவல் வாங்கி, ஒரு டப்பாவை முழுசாக எடை போட்டேன். ஞாயிறு மதியம் முழுக்க ஐந்நூறு பெல்லட், ஒவ்வொன்றாகச் சாமணத்தில். "மாப்ளே, இது தங்கமா?" என்றார். விலகி நின்றவை மொத்தம் ஏழு. மற்றவற்றைச் சுட்டபோது குரூப்பில் குறிப்பிடும்படி எதுவும் மாறவில்லை. கண்ணால் பார்த்து, பாவாடை மாதிரி விரிந்த பின்பக்கம் நசுங்கியிருப்பதைத் தூக்கிப் போட்டதுதான் அதைவிட உபயோகமாக இருந்தது.

சென்னைக்காரர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஐப்பசி மழையில் திறந்து வைத்த ஒரு டப்பாவில், பெல்லட் மேல் வெள்ளையாகப் பூத்துப்போனது. இப்போது இறுக்கமான எவர்சில்வர் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வைக்கிறேன். அது சாம்பார்ப் பொடி டப்பா என்பதால் வீட்டில் சண்டை. ஈயம் என்பதால் அந்த டப்பா இனி சமையலறைக்குத் திரும்பாது என்று சொல்லிவிட்டேன். சுட்டு முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் டீ குடிப்பதும் இல்லை.

ஒன்பதாவதாகச் சோதித்த லாட்தான் பொருந்தியது. 4.50 தலை, முன்பு வெளிவிளிம்பில் 8.5 இருந்த குரூப் இதில் சராசரி 6 மி.மீ. பிராண்ட் பெயரை வேண்டுமென்றே சொல்லவில்லை. என் பேரலுக்குப் பொருந்தியது உங்களுடையதில் வேலை செய்யும் என்று சத்தியம் செய்ய முடியாது. அந்த லாட் எண்ணை வாங்கிய இடத்தில் சொல்லி, இருந்த பன்னிரண்டு டப்பாவையும் எடுத்துக்கொண்டேன். இப்போது சராசரி 612. இதில் பெல்லட்டின் பங்கு எவ்வளவு, ஒன்றரை வருடப் பயிற்சியின் பங்கு எவ்வளவு என்று பிரித்தால், பாதிக்குப் பாதி என்பேன். கோச் கேட்டால் சிரிப்பார்.

முதலில் வாங்கிய அந்த 4000இல் மிச்சத்தை இன்னும் பயிற்சிக்குச் சுடுகிறேன். நல்ல லாட்டில் மூன்று டப்பா பாக்கி. அடுத்த மாதம் மறுபடி வைஸ்.