ரோமன் மிஸ்டரீஸ்: துப்பு சுமார், ஊர் பிரமாதம்

பத்து வயதைத் தொட்ட பிள்ளைகளுக்குச் சரித்திரமும் இருக்க வேண்டும், துப்பறிதலும் இருக்க வேண்டும், கொஞ்சம் ஓட்டமும் பயமும் வேண்டும் என்று யாராவது கேட்டால், நான் யோசிக்காமல் சொல்வது காரலைன் லாரன்ஸ் எழுதிய ரோமன் மிஸ்டரீஸ் வரிசையைத்தான். 2001-இல் தொடங்கி 2009-இல் முடிந்த வரிசை, மொத்தம் 17 நாவல்கள். குறையே இல்லாத புத்தகங்கள் என்று சொல்ல வரவில்லை. துப்பறியும் கதை என்று மட்டும் பார்த்தால் இவற்றில் பல சுமார்தான், குற்றவாளி யாரென்று என் அக்கா மகள் பாதிப் புத்தகத்திலேயே அலட்சியமாகச் சொல்லிவிடுவாள். ஆனால் சொல்லிவிட்டு மூடி வைக்க மாட்டாள், மிச்சத்தையும் படிப்பாள். ஏன் என்று பார்த்தால் அவளைப் பிடித்துவைத்தது குற்றவாளி இல்லை, அந்த ஊர்.

ஊர் பெயர் ஆஸ்டியா. டைபர் ஆறு கடலில் கலக்கும் இடத்தில் இருந்த ரோமின் துறைமுகம். கதை தொடங்குவது கி.பி. 79-இல். ஃப்ளேவியா ஒரு கப்பல் தலைவரின் மகள், எதையாவது துருவிக்கொண்டே இருக்கும் பெண். பக்கத்து வீட்டுக்குக் குடிவருகிற வைத்தியரின் மகன் ஜோனதன், அவனுக்கு மூச்சிரைப்பு. அவர்கள் யூதர்கள், அதிலும் கிறிஸ்துவை நம்புகிற யூதர்கள், ஜெருசலேமை ரோமப் படை இடித்துத் தள்ளி ஒன்பது வருஷம்தான் ஆகியிருக்கிறது, அக்கம்பக்கம் எப்படிப் பார்க்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துவரப்பட்டு அடிமைச் சந்தையில் நிற்கிறாள் நூபியா. நான்காவது லூபஸ், தெருவில் பிச்சையெடுக்கிற சின்னப் பையன், நாக்கு அறுக்கப்பட்டவன்.

இந்த லூபஸ்தான் எனக்குப் பிடித்த பாத்திரம். பேச முடியாத ஒருவனை நான்கு பேரில் ஒருவனாக வைத்து 17 நாவல் ஓட்டுவது சாதாரண வேலை இல்லை. மற்ற மூவரும் பேசிக்கொண்டே இருக்க, அவன் மெழுகு பூசிய பலகையில் எழுத்தாணியால் எழுதிக் காட்டுகிறான், எழுத நேரமில்லாதபோது நடித்துக் காட்டுகிறான், சில சமயம் எல்லாரும் தப்பாகப் புரிந்துகொண்டு வேறெங்கோ ஓடுகிறார்கள். அவன் பங்குக்கு வசனமே கிடையாது, ஆனாலும் அவன் என்ன நினைக்கிறான் என்பது நமக்குத் தெரிந்துகொண்டே இருக்கும். சிரிப்பும் வரும், திடீரென்று வயிற்றைப் பிசையவும் செய்யும்.

முதல் புத்தகமான 'த தீவ்ஸ் ஆஃப் ஆஸ்டியா'வில் யாரோ தெரு நாய்களையும் வீட்டு நாய்களையும் கொல்கிறார்கள். சும்மா கொல்வதில்லை, தலையை வெட்டுகிறார்கள். வீட்டில் நாய் வளர்க்கிற குழந்தை என்றால் நீங்கள் முதலில் படித்துப் பார்த்துவிட்டுக் கொடுங்கள். இது வெறும் பயமுறுத்தலுக்காக வைத்த காட்சி இல்லை என்பது பின்னால் தெரியும், இருந்தாலும் இளகிய மனசுள்ள எட்டு வயதுப் பிள்ளைக்கு இது வேண்டாம்.

சரி, ஊருக்கு வருகிறேன். பாடப்புத்தகத்து ரோம் என்றால் தூண், வளைவு, பேரரசர், போர், முடிந்தது. இங்கே ரோம் என்றால் பொதுக் கழிப்பறை. நீளமான கல் பெஞ்சு, வரிசையாகத் துளைகள், நடுவில் தடுப்பு ஒன்றும் கிடையாது, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரோடு ஊர்க்கதை பேசிக்கொண்டே வேலை முடிக்கலாம், சுத்தம் செய்துகொள்ள குச்சியின் முனையில் கட்டிய கடற்பஞ்சு. ஆஸ்டியாவின் இடிபாடுகளில் அப்படி ஒரு பெஞ்சு இன்றைக்கும் இருக்கிறது. இந்தக் கடற்பஞ்சு விஷயம் தெரிந்த நாளிலிருந்து எங்கள் வீட்டில் சாப்பாட்டு நேரம் நிம்மதியாக இல்லை. துணி வெளுப்பவர்கள் மூத்திரத்தைச் சேகரித்து வைத்துத் துணி துவைத்தார்கள், அந்த மூத்திரத்துக்கே பேரரசர் வெஸ்பாசியன் வரி போட்டார் என்று நான் வேறு என் பங்குக்கு எடுத்துக் கொடுத்துவிட்டேன்.

இரண்டாவது புத்தகம் 'த சீக்ரெட்ஸ் ஆஃப் வெசுவியஸ்', என் கணக்கில் வரிசையிலேயே சிறந்தது. பிள்ளைகள் கடலில் ஒரு குண்டுக் கிழவரை மூழ்காமல் காப்பாற்றுகிறார்கள். அவர்தான் மூத்த பிளினி, ரோமக் கடற்படைத் தளபதி, 37 பகுதிகளாக 'இயற்கை வரலாறு' எழுதியவர். கதையில் அவர் விடுகதை போடுகிற, எதைக் கண்டாலும் குறிப்பெடுக்கிற தாத்தா. நம் ஆட்களுக்கு இந்த இடத்தில் கூடுதல் சுவாரசியம் ஒன்று இருக்கிறது. இந்தியாவோடு செய்யும் வியாபாரத்தில் வருஷத்துக்கு 5 கோடி செஸ்டர்ஸ் (ரோம நாணயம்) போய்விடுகிறது என்று புலம்பியவர் இதே மனிதர்தான். மிளகைத் தங்கம் வெள்ளி மாதிரி எடைபோட்டு வாங்குகிறார்களே, அதில் காரத்தைத் தவிர என்ன இருக்கிறது என்று அலுத்துக்கொண்டவரும் அவரே. முசிறித் துறைமுகம், பாண்டியன், அவன் ஊரான மதுரை எல்லாம் அவர் நூலில் வருகின்றன. இதில் எதுவும் நாவலில் இல்லை, பெரியவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து சொல்ல வேண்டியதுதான். சொன்ன பிறகு புதுச்சேரி அருங்காட்சியகத்தில், ரோமோடு வியாபாரம் செய்த அரிக்கமேட்டின் பானையோடுகளை அக்கா மகளுக்குக் காட்டினேன். வழக்கமாக அருங்காட்சியகத்தில் கொட்டாவி விடுகிற பெண், "சித்தி, இதெல்லாம் ஃப்ளேவியா அப்பா கப்பல்ல வந்ததா?" என்று கேட்டாள். அந்தக் கப்பல் இந்தப் பக்கம் வந்ததாகக் கதையில் இல்லை என்று சொல்லி அவள் உற்சாகத்தைக் கெடுக்க மனசு வரவில்லை.

அந்தப் புத்தகத்தில் வெசுவியஸ் எரிமலை வெடிக்கிற பகுதியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். உண்மையில் நடந்ததை பிளினியின் சகோதரி மகன், இளைய பிளினி, சரித்திர ஆசிரியர் டாசிட்டஸுக்குக் கடிதமாக எழுதி வைத்திருக்கிறார்: பைன் மரம் மாதிரி எழுந்த புகை, பட்டப்பகலில் கவிந்த இருட்டு, விழும் கற்களுக்குப் பயந்து தலையில் தலையணையைக் கட்டிக்கொண்டு ஓடிய ஜனங்கள், ஸ்டேபியே கடற்கரையில் மாமாவின் சாவு. லாரன்ஸ் அந்தக் கடிதத்தைச் சும்மா ஒப்பிக்காமல், மூச்சிரைப்பு உள்ள ஒரு பையனை அந்தச் சாம்பலுக்குள் நிறுத்திவிடுகிறார். அவ்வளவுதான், நமக்கும் நெஞ்சு அடைக்கிறது. நாவலில் வெடிப்பு ஆகஸ்ட் 24, காலங்காலமாகச் சொல்லி வந்த தேதி. 2018-இல், அந்த வெடிப்பில் புதைந்துபோன பொம்பெயி நகரத்தில் அக்டோபர் 17-ஐக் குறிக்கிற கரி எழுத்து ஒன்று சுவரில் கிடைத்த பிறகு, அது இலையுதிர் காலத்தில்தான் நடந்திருக்கும் என்கிற கட்சி பலமாகிவிட்டது. நாவல் அதற்கு வெகு முன்பே வந்தது, குற்றம் சொல்ல முடியாது, ஆனால் பிள்ளைகளிடம் சொல்லிவையுங்கள், சரித்திரமே இன்னும் துப்பறிந்து முடியாத கேஸ் என்று அவர்களுக்குப் பிடித்துப்போகும்.

இந்த வரிசையை நான் மதிப்பதற்கு முக்கியக் காரணம் அடிமை முறையை அது கையாளும் விதம். ஃப்ளேவியா நல்ல பெண். நூபியாவைப் பார்த்து இரக்கப்பட்டு வாங்குகிறாள். வாங்குகிறாள் என்பதைக் கவனியுங்கள், விடுதலை செய்யவில்லை, அந்த யோசனையே அவளுக்கு முதலில் வருவதில்லை. வீட்டுச் சமையற்காரியும் அடிமை, வாசல் காப்பவரும் அடிமை, அப்பாவும் தங்கமானவர். நம்ம கதாநாயகி எப்படி இப்படி என்று பிள்ளை குழம்பும், அந்தக் குழப்பத்தை ஆசிரியர் அவசரப்பட்டுத் துடைப்பதில்லை. மூன்றாவது புத்தகத்தில்தான் இதற்கு ஒரு விடிவு வருகிறது. இந்தக் காலத்து நியாயத்தைப் பேசும் பிள்ளைகளைப் பழைய உடையில் நிறுத்துகிற நாவல்கள் நிறைய வருகின்றன, அந்த ஏமாற்று வேலை இதில் குறைவு.

எரிச்சல்களையும் சொல்லிவிடுகிறேன். நூபியாவை மொழி தெரியாதவள் என்று காட்ட அவள் பேச்சை உடைத்து உடைத்து எழுதியிருப்பது முதலில் பொருத்தமாக இருக்கிறது, புத்தகங்கள் போகப்போக அலுக்கிறது. அவள் எப்போதும் சாந்தம், எப்போதும் மிருகங்களோடு நேசம், புல்லாங்குழல் வேறு. ஒரு தடவையாவது காரணமில்லாமல் சள்ளென்று விழ மாட்டாளா என்று ஏங்கினேன். அப்புறம், அந்தக் காலத்து முக்கியப் புள்ளி எங்கே போனாலும் இந்த நான்கு பேர் அங்கே முன்னதாக நிற்பார்கள். பிளினி சரி, அவர் மருமகனும் சரி, பேரரசர் டைட்டஸ் வரைக்குமா? கொலோசியம் திறப்பு விழாவுக்கும், 100 நாள் நடந்த அந்த ஆட்டங்களுக்கும் இவர்கள் ஆஜர், அதில் ரத்தம் கொஞ்சம் தாராளம். கடைசிப் பகுதிப் புத்தகங்களில் காதல், கல்யாணப் பேச்சு அதிகமாகிறது. ரோமச் சட்டப்படி பெண்ணுக்கு 12 வயதில் கல்யாணம் செய்யலாம் என்பதால் காலத்துக்குப் பொய்யில்லை, ஆனால் எரிமலைக்காக வந்த பத்து வயதுப் பெண் அந்தப் பக்கங்களை வேகமாகத் தள்ளிவிட்டாள். 13 வயதுக்காரி நின்று படிப்பாள்.

ஆங்கிலம் கடினம் இல்லை. அத்தியாயங்கள் சின்னவை, ஒவ்வொன்றுக்கும் 'ஸ்க்ரோல்' என்று பெயர், லத்தீன் சொற்களுக்குப் பின்னால் அகராதி உண்டு. ஆறாம் வகுப்புப் பிள்ளை தானே படிக்கும், அதற்குக் கீழே என்றால் கூட உட்கார்ந்து வாசிக்கலாம். 17-ஐயும் ஒரேயடியாக வாங்க வேண்டாம், ஆனால் வரிசை மாற்றியும் படிக்க முடியாது, ஒன்றில் நடந்தது அடுத்ததில் தொடர்கிறது. முதல் மூன்றைச் சேர்த்து வாங்குங்கள், பழைய புத்தகக் கடையில் கிடைத்தால் லாபம். இரண்டாவதோடு நிறுத்திக்கொள்ளலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். ஜோனதன் பிழைப்பானா மாட்டானா என்று தெரியாத இடத்தில் அது முடிகிறது, மூன்றாவது கைவசம் இல்லாவிட்டால் அன்றைக்கு ராத்திரி உங்கள் வீட்டில் யாரும் தூங்க முடியாது.