ஸ்டோமா ஓரத்தில் ஆறாத புண்: ஒற்றைப் பையா, தட்டும் பையும் தனித்தனியா?

சித்திரை வெயிலில் மதுரையில் சட்டையே உடம்போடு ஒட்டிக்கொள்ளும். ஸ்டோமா, அதாவது மலமோ சிறுநீரோ வெளியேற வயிற்றில் அறுவை செய்து அமைத்த திறப்பு; அதன்மேல் மாட்டும் பையின் ஒட்டுத்தட்டோ வியர்வையில் கழன்றுவரும். ஓரத்தில் பயோடெர்மா கேங்ரினோசம் (வலி மிகுந்த, வேகமாகப் பரவும் ஒரு தோல் புண்) மாதிரிப் புண்ணும் இருந்தால், எந்தப் பை என்பது பெரிய கேள்விதான்.

தனித்தனி வகையில் தட்டு தோலிலேயே இருக்கும், பையை மட்டும் மாற்றலாம். அடிக்கடி உரித்தெடுக்க வேண்டாம். லேசாக அடிபட்டாலே பெரிதாகும் குணம் இந்தப் புண்ணுக்கு உண்டு. அதை அறுத்துச் சுத்தம் செய்ய மருத்துவர்கள் தயங்குவதும் அதனால்தான். ஆனால் பையை வளையத்தில் அழுத்தி மாட்டும்போது வலியில் உயிர் போகும். மருந்து போட வேண்டுமென்றால் தட்டையும் கழற்றித்தான் ஆக வேண்டும்.

ஒற்றைப் பையில் தட்டும் பையும் ஒன்றாகவே இருக்கும். மெல்லியது, வளைந்து கொடுக்கும், அழுத்தி மாட்டும் வேலை இல்லை. தினமும் மருந்து போடச் சொல்லியிருந்தால் என் ஓட்டு இதற்கே. எப்படியும் உரிக்கத்தானே போகிறோம்! ஒட்டு நீக்கும் திரவத்தைத் தடவி, தோலை ஒரு கையால் அழுத்திப் பிடித்து, மெல்ல எடுங்கள். புண் ஆறத் தொடங்கி மருந்து இடைவெளி கூடினால் தனித்தனி வகைக்கு மாறலாம்.

இரண்டிலும் ஒரே தொல்லை: எண்ணெய்ப்பசை களிம்பு தடவினால் எதுவும் ஒட்டாது. லோஷனாகத் தர முடியுமா என்று தோல் மருத்துவரிடம் கேளுங்கள். தோலை நோக்கிப் புடைத்த தட்டு புண்ணை அழுத்தும். அதை ஸ்டோமா நர்ஸ் சொன்னால் மட்டும் வாங்குங்கள்.