செஃபலூ: குளிக்கப் போகிறவர்கள் பார்க்காமல் திரும்பும் ஊர்

சிசிலித் தீவின் வடகரையில், பலேர்மோவிலிருந்து ரயிலில் ஏறக்குறைய ஒரு மணி நேரத் தொலைவில் இருக்கும் செஃபலூவைச் சுற்றுலா நிறுவனங்கள் பெரும்பாலும் ஒரு பகல் பொழுதுக்கான கடற்கரையாகவே விளம்பரப்படுத்துகின்றன. அந்த ஒன்றுக்காக மட்டும் போவதென்றால் ஊர் சுமார் ரகம்தான். மணலும் தண்ணீரும் நன்றாகவே இருக்கின்றன; ஆனால் இத்தாலியர்களே விடுமுறை எடுக்கும் ஆகஸ்டில் துண்டு விரிக்க இடம் பிடிப்பது பெரும்பாடு. மே மாதமோ செப்டம்பர் கடைசியோ போகிறவர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு.

ஊரின் உண்மையான மதிப்பு அதன் பேராலயத்தில் இருக்கிறது. வடபிரான்சிலிருந்து வந்து சிசிலியைப் பிடித்த நார்மானியர் குலத்து அரசன் இரண்டாம் ரோஜர் 1131-இல் இதைக் கட்டத் தொடங்கினான். கடலில் புயலுக்குத் தப்பிக் கரையேறிய இடத்தில் நேர்த்திக்கடனாக எழுப்பினான் என்பது ஊரார் சொல்லும் கதை. கிரேக்கரும் அரபியரும் லத்தீனரும் கலந்து வாழ்ந்த தீவில் புதிதாக முடிசூடியவன் தன் அதிகாரத்தைக் கல்லில் நாட்ட விரும்பினான் என்பதே எனக்கு நம்பும்படி இருக்கிறது. உள்ளே நுழைந்ததும் இருபுறமும் தூண்களும் வெறுமையான சுவர்களும்தான். சற்று ஏமாற்றமாகக்கூடத் தோன்றும். அப்படியே நடந்து பீடத்தை நெருங்கும்போது, அரைக்கோள விதானம் முழுவதையும் நிறைத்துக்கொண்டு, பொன்னிறப் பின்னணியில், சிறு வண்ணத் துண்டுகளைப் பதித்துச் செய்யும் மொசைக் வேலையில் கிறிஸ்துவின் மாபெரும் உருவம் எதிரே நிற்கிறது. பைசாந்திய (கிழக்கு ரோமப் பேரரசின்) கலைஞர்கள் செய்த இந்த வேலைக்கு 1148 என்று அங்கேயே பொறிக்கப்பட்ட ஆண்டு இருக்கிறது. நெற்றியில் தனியே விழும் முடிக்கற்றையைக்கூட அவர்கள் விட்டுவைக்கவில்லை. இடக்கையில் விரிந்திருக்கும் நூலின் ஒரு பக்கம் கிரேக்கத்திலும் மறுபக்கம் லத்தீனிலும் ‘உலகின் ஒளி நானே’ என்ற வசனத்தைத் தாங்குகிறது. கிரேக்கரையும் லத்தீனரையும் ஆண்ட அரசன் இருவரையுமே மனத்தில் வைத்திருந்தான் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

பலேர்மோவுக்கு அருகிலுள்ள மொன்றியாலே பேராலயத்தில் சுவரெங்கும் பொன் மொசைக் நிறைந்திருக்கும். சிறிது நேரத்தில் கண் அலுத்துவிடும். இங்கே பீடத்தைச் சுற்றிய பகுதியோடு வேலை நின்றுபோனது பார்ப்பவர்களுக்கு நன்மையாகவே முடிந்திருக்கிறது. மிக்கேலே கன்ஸோனேரி அமைத்த நவீன வண்ணக் கண்ணாடிச் சன்னல்கள் மட்டும் எனக்கு ஒட்டவில்லை. தன் உடல் இங்கேதான் அடக்கமாக வேண்டும் என்று ரோஜர் போர்ஃபிரி என்னும் கருஞ்சிவப்புக் கல்லில் பேழைகள் செய்துவைத்திருந்தான், அது நடக்கவில்லை. அவனுடைய பேரன் இரண்டாம் ஃபிரெடெரிக் 1215-இல் அந்தப் பேழைகளையும் பலேர்மோவுக்கு எடுத்துப் போய்விட்டான். 2015-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த ஆலயம் இது. நீச்சலுடையோடு கரையிலிருந்து நேரே வந்து நிற்காமல், தோளும் முழங்காலும் மூடும்படி உடுத்தி வருவது நல்லது.

பேராலயச் சதுக்கத்திலிருந்து சில நிமிட நடையில் உள்ள மந்திராலிஸ்கா அருங்காட்சியகத்தைப் பலர் தவறவிடுகிறார்கள். மெஸ்ஸினாவைச் சேர்ந்த அந்தொனெல்லோ 15-ஆம் நூற்றாண்டில் தீட்டிய பெயர் தெரியாத மனிதனின் உருவப்படம் இங்கே இருக்கிறது. ஒரு நோட்டுப்புத்தகத்தைவிட அதிகம் பெரிதில்லாத பலகை. அதிலிருந்து ஒருவன் நம்மைப் பார்த்து ஏளனமாகவோ நட்பாகவோ, எதுவென்று முடிவுசெய்ய விடாமல், புன்னகைக்கிறான். அதே கட்டடத்தில் சூரைமீன் விற்பவனைத் தீட்டிய பழங்காலச் சாடி ஒன்றும் இருக்கிறது: கடைக்காரன் கத்தியால் மீனை வெட்ட, எதிரே நிற்பவன் கையில் காசோடு காத்திருக்கிறான். நுழைவுக் கட்டணம் இந்த இரண்டுக்கே தகும்.

ஊருக்குப் பின்னால் ஏறத்தாழ 270 மீட்டர் உயரத்துக்கு எழும் ‘லா ரோக்கா’ பாறைக்குன்றில் காலையிலேயே ஏறிவிட வேண்டும். நிழல் குறைவு, கற்கள் வழுக்கும், ரப்பர்ச் செருப்போடு ஏறுவது வீண் துணிச்சல். பாதிவழியில் தியானா கோயில் என்று அழைக்கப்படும் பெருங்கற்கட்டடமும், உச்சியில் கோட்டையின் இடிபாடுகளும் உண்டு. இறங்கி வந்தபின், தெருமட்டத்துக்குக் கீழே சிங்கமுகக் குழாய்களிலிருந்து தண்ணீர் கொட்டும் துணி துவைக்கும் பழைய துறையில் சற்று நிற்கலாம்.

சாப்பாட்டைப் பொறுத்தவரை, கடலைப் பார்த்த மேசைக்கு நாம் தரும் விலையில் பாதி காட்சிக்குத்தான் போகிறது. உள்தெருக்களில் அதே மீன் மலிவாகக் கிடைக்கும். மத்தி மீன், காட்டுப் பெருஞ்சீரகத் தழை, உலர்திராட்சை, பைன் பருப்பு சேர்த்த பாஸ்தாவை அவசியம் கேட்டு வாங்குங்கள். இருக்கைக் கட்டணமாக ‘கொபெர்த்தோ’ என்று ஆளுக்கு ஒரு தொகை பில்லில் சேரும்; அது ஏமாற்று அல்ல, வழக்கம். மதியச் சமையல் முடிந்தால் பல உணவகங்கள் இரவு வரை அடுப்பு மூட்டுவதில்லை. சைவர்களுக்குக் கத்தரிக்காயில் செய்யும் கப்போனாத்தா நல்ல துணை. மற்றக் காய்கறிப் பதார்த்தங்களில் நெத்திலி கலந்திருக்கலாம் என்பதால் முன்பே கேட்டுவிடுவது நல்லது.