மலையகத்து அலுவலகத்துக்கு எந்த டேட்டாபேஸ்: போஸ்ட்கிரஸா, மரியாடிபியா, எஸ்கியூலைட்டா?

ஹட்டன், தலவாக்கலைப் பக்கம் ஏப்ரலிலும் ஒக்டோபரிலும் மத்தியானத்துக்கு மேல் இடி முழங்கத் தொடங்கினால் கரண்ட் எந்நேரமும் போகலாம். தோட்டத்துச் சிக்கன கடனுதவிச் சங்கத்துக்கோ டியூஷன் வகுப்புக்கோ லினக்ஸில் ஒரு டேட்டாபேஸ் சர்வர் வைப்பவர்கள் வேகத்தை அப்புறம் பார்க்கலாம். எழுதிக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போனால் கணக்கு என்னாகும்? அதுதான் முதல் கேள்வி.

நிறுவுவதில் போஸ்ட்கிரஸுக்கும் மரியாடிபிக்கும் பெரிய வித்தியாசமில்லை. லினக்ஸ் வகைகளில் ஒன்றான டெபியன் 12இல் ஒரே கட்டளையில் மரியாடிபி 10.11 அல்லது போஸ்ட்கிரஸ் 15 இறங்கி, தானாகவே ஓடத் தொடங்கிவிடும். புதியவர்கள் திணறுவது போஸ்ட்கிரஸின் வாசலில். அது கடவுச்சொல் கேட்காது. லினக்ஸில் எந்தப் பயனராக இருக்கிறீர்கள் என்று பார்க்கும். முதல் தடவை 'போஸ்ட்கிரஸ்' என்ற பயனராக மாறித்தான் உள்ளே போக வேண்டும்.

கரண்ட் விஷயத்தில் இரண்டும் கெட்டிதான். போஸ்ட்கிரஸும் சரி, மரியாடிபி தரவைச் சேமிக்க வழக்கமாகப் பயன்படுத்தும் இன்னோடிபியும் சரி, மாற்றத்தை லாக் கோப்பில் எழுதி டிஸ்க்கில் பதிந்த பிறகே 'முடிந்தது' என்று சொல்லும். கரண்ட் வந்ததும் அந்த லாக்கைப் படித்துத் தாமே சீராகிவிடும். பழைய மென்பொருள்களோடு வரும், மைஐசாம் என்ற பழைய சேமிப்பு முறையிலான அட்டவணைகளுக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது. இருந்தால் உடனே இன்னோடிபிக்கு மாற்றுங்கள்.

போஸ்ட்கிரஸ் முந்துவது வேறோர் இடத்தில். சந்தா அட்டவணையில் புதிய நிரல் (நெடுவரிசை) ஒன்றைச் சேர்த்து, பழைய தொகைகளை அதற்கு மாற்றி, பழைய நிரலை நீக்குகிறீர்கள். மூன்றையும் ஒரே டிரான்சாக்ஷனுக்குள், அதாவது எல்லாம் நடக்க வேண்டும் அல்லது எதுவுமே நடக்கக்கூடாது என்ற தொகுப்புக்குள், போட்டிருந்தால், நடுவில் கரண்ட் போனாலும் போஸ்ட்கிரஸில் அட்டவணை பழையபடியே இருக்கும். மரியாடிபியில் அமைப்பை மாற்றும் கட்டளை ஒவ்வொன்றும் அப்போதைக்கப்போதே நிலைத்துவிடும். வேலை பாதியில் நிற்கும். கொழுந்து பறித்துச் சேர்த்த காசை அப்படி நிற்கவிட எனக்கு மனசு வராது.

பெயர்ப் பட்டியலையும் பாருங்கள். டெபியன் 12இல் மரியாடிபி வழக்கமாக வரும் அமைப்பில், ஒவ்வோர் எழுத்துக்கும் யுனிகோடில் உள்ள எண்படிதான் தமிழை அடுக்கும். அதனால் ஜெயராணி சகுந்தலாவுக்கும் ஞானத்துக்கும் நடுவே வந்து நிற்பார். போஸ்ட்கிரஸில் பெயர் நிரலுக்கு ஐசியூ என்ற மொழி நிரலகத்தின் தமிழ் வரிசையைக் கொடுத்தால் ஜகரம் தமிழ் மெய்களுக்கெல்லாம் பின்னால் போய்விடும், அகராதியில் இருப்பதுபோல.

மருந்துக் கடையில் ஒரே கணினி, ஒரே ஆள் என்றால் சர்வரே வேண்டாம். எஸ்கியூலைட் ஒரே கோப்புதான்; கரண்ட் போவதையும் தாங்கும். ஒரு நேரத்தில் ஒருவர்தான் எழுத முடியும். அந்தக் கோப்பை நெட்வொர்க்கில் பகிர்ந்து பல கணினியிலிருந்து திறக்க மட்டும் வேண்டாம், கெட்டுப்போகலாம்.

வேர்ட்பிரஸில் இணையத்தளம் நடத்துவோருக்கு மரியாடிபியே போதும், யோசிக்க ஒன்றுமில்லை.

பதிப்பு உயர்த்துவதிலும் மரியாடிபிதான் சுலபம். டெபியன் 13க்குப் போனால் 11.8 வந்து பழைய தரவிலேயே வேலையைத் தொடரும். போஸ்ட்கிரஸில் 17 வந்தாலும் உங்கள் தரவு 15இலேயே கிடக்கும். தனிக் கட்டளை கொடுத்து நீங்கள்தான் மாற்ற வேண்டும். அதற்கு முன் முழு பேக்கப் எடுத்து வேறு கணினியில் வையுங்கள். புதியதில் நாலைந்து அங்கத்தவர்களின் மீதியைப் பாஸ் புத்தகத்தோடு ஒத்துப் பார்த்த பிறகே 15ஐ அழியுங்கள்.