நெட்வொர்க் விழாமல் இருக்க: விருப்பப் பட்டியலா, கட்டாய விதியா, கையெழுத்தா?

தொலைபேசியும் மொபைலும் புயலிலும் மின்வெட்டிலும் விழாமல் நிற்க வேண்டும் என்றால் நிறுவனங்களை எப்படி வழிக்குக் கொண்டுவருவது? அமெரிக்காவில் முப்பது வருடங்களுக்கு மேலாக மூன்று வழிகளை முயன்று பார்த்திருக்கிறார்கள். துறைக்காரர்களே கூடி எழுதி, விரும்பினால் பின்பற்றும் 'பெஸ்ட் பிராக்டிஸ்' பட்டியல் ஒன்று. அரசு போடும் கட்டாய விதி இன்னொன்று. மூன்றாவது, "இதை இதைச் செய்திருக்கிறோம்" என்று நிறுவனத்தின் பொறுப்பான அதிகாரி வருடா வருடம் கையெழுத்துப் போடுவது. என் ஓட்டு மூன்றாவதற்குத்தான். ஆனால் முதலாவது இல்லாமல் அது நிற்காது, அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

1990 ஜனவரி 15-ல் ஏடி அண்ட் டி என்ற பெரிய தொலைபேசி நிறுவனத்தின் தொலைதூர நெட்வொர்க் ஒரு மென்பொருள் பிழையால் சுமார் ஒன்பது மணி நேரம் தடுமாறியது. அடுத்த வருடம் ஜூன் கடைசியிலும் ஜூலைத் தொடக்கத்திலும், அழைப்புகளை இணைக்க உதவும் சிக்னலிங் கருவிகளின் மென்பொருளில் நேர்ந்த ஒரு சின்னத் தவறு வாஷிங்டன், லாஸ் ஏஞ்சலஸ், பிட்ஸ்பர்க் பகுதிகளில் போன்களை முடக்கியது. செப்டம்பரில் நியூயார்க்கில் அதே ஏடி அண்ட் டி-யின் ஒரு எக்ஸ்சேஞ்ச் கட்டிடம் பேட்டரியில் ஓடிக்கொண்டிருப்பதை மணிக்கணக்கில் யாரும் கவனிக்கவில்லை. பேட்டரி தீர்ந்தது, விமானக் கட்டுப்பாட்டு இணைப்புகளும் சேர்ந்து போயின. இதற்குப் பிறகுதான் 1992-ல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான எஃப்சிசி, போட்டி நிறுவனங்களின் ஆட்களை ஒரே மேசையில் உட்கார வைத்து ஒரு கவுன்சிலை உருவாக்கியது. பெயரும் வடிவமும் பிறகு மாறின, வேலை இன்றும் தொடர்கிறது.

அந்தக் கவுன்சில் எழுதிய 'பெஸ்ட் பிராக்டிஸ்' பட்டியல்களை வாசித்தால் எழுதியவர்கள் கையில் அழுக்குப் பட்டவர்கள் என்பது தெரியும். ஜெனரேட்டரை வெறுமனே ஸ்டார்ட் செய்து பார்த்துவிட்டு நிறுத்தாதே, உண்மையான லோடு கொடுத்து ஓட்டு. மாற்றுப் பாதை என்று நீ நம்பும் கேபிள் எங்காவது முதல் கேபிளோடு ஒரே குழாய்க்குள் போகிறதா என்று அவ்வப்போது தணிக்கை செய். இவ்வளவு நுணுக்கத்தை எந்தச் சட்டமும் தொட முடியாது, தொட்டாலும் அச்சாவதற்குள் தொழில்நுட்பம் மாறிவிடும். அப்புறம், "எங்களிடம் இது இப்படித்தான் உடைந்தது" என்று ஒரு பொறியாளர் எதிர் நிறுவனத்துக்காரரிடம் மனம்விட்டுப் பேசுவதற்கு, அபராதம் பற்றிய பயம் இல்லாத ஒரு அறை வேண்டும். விருப்ப முறையின் பெரிய பலம் அதுதான்.

சரி, பலவீனம் எங்கே? 2012 ஜூன் 29 இரவில் டெரேச்சோ என்ற காற்றுப்புயல் நடுமேற்கிலிருந்து கிழக்குக் கரை வரை அடித்துக்கொண்டு போனது. ஆறு மாநிலங்களில் 77 அவசர அழைப்பு மையங்கள் ஏதோ ஒரு அளவில் தொடர்பை இழந்தன, அவற்றை நம்பியிருந்தவர்கள் 36 லட்சத்துக்கும் மேல். வடக்கு வர்ஜீனியாவில் 911 என்ற அவசர எண்ணைக் கூப்பிட்டால் பதில் இல்லை. அங்கே ஆர்லிங்டன், ஃபேர்ஃபேக்ஸ் எக்ஸ்சேஞ்சுகளில் மாற்று மின்சார ஏற்பாடு கைவிட்டது, பல இடங்களைத் தொலைவிலிருந்து கண்காணிக்கும் வசதியும் கூடவே போனது. எஃப்சிசி விசாரித்தபோது கிடைத்த முடிவு கசப்பானது: பட்டியலில் ஏற்கெனவே எழுதி வைத்திருந்ததைச் செய்திருந்தால் இதில் பெரும்பகுதியைத் தவிர்த்திருக்கலாம். அறிவு இருந்தது, அதைச் செயல்படுத்தியே ஆக வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை.

அப்படியானால் நேராக விதி போட்டுவிடலாமே என்று தோன்றும். அதையும் செய்து பார்த்தார்கள். கத்ரீனா புயலுக்குப் பிறகு, 2007-ல், எக்ஸ்சேஞ்சுகளுக்கு 24 மணி நேரம், மொபைல் டவர்களுக்கு 8 மணி நேரம் மாற்று மின்சாரம் என்று எஃப்சிசி உத்தரவு போட்டது. மொபைல் நிறுவனங்கள் நீதிமன்றத்துக்குப் போயின. மொட்டைமாடி அந்த பேட்டரி எடையைத் தாங்குமா, கட்டிடச் சொந்தக்காரர் ஒத்துக்கொள்வாரா, டீசலை எங்கே வைப்பது என்றெல்லாம் கேள்விகள் வந்தன. இவற்றில் சில நியாயமானவைதான், எல்லா டவரும் ஒரே மாதிரி இல்லை. 2008-ல் நீதிமன்றம் தடை விதித்தது, வெள்ளை மாளிகையின் பட்ஜெட் அலுவலகமும் ஒப்புதல் தர மறுத்தது, விதி நடைமுறைக்கே வராமல் செத்தது.

ஆனால் கட்டாய விதி முடியவே முடியாது என்பதற்கு இதை ஆதாரமாகக் காட்டுவதை நான் ஏற்கவில்லை. 2019 அக்டோபரில் கலிஃபோர்னியாவில் காட்டுத்தீ பயத்தில் மின்சாரத்தை வேண்டுமென்றே நிறுத்தியபோது, மரின் கவுண்டியில் பாதிக்கும் மேற்பட்ட டவர்கள் அணைந்தன. வெளியேறச் சொல்லும் எச்சரிக்கை வர வேண்டிய போன் அது. மாநிலத்தின் பொதுச்சேவை ஆணையம் 2020-ல், தீ அபாயம் அதிகமுள்ள பகுதிகளில் 72 மணி நேர மாற்று மின்சாரம் கட்டாயம் என்றது. நாடு முழுக்க ஒரே அளவு என்று போகாமல், ஆபத்து இருக்கும் இடத்தை மட்டும் குறிவைத்தது புத்திசாலித்தனம்.

மூன்றாவது வழி டெரேச்சோவிலிருந்து பிறந்தது. 2013 டிசம்பரில் எஃப்சிசி, 911 சேவை தரும் நிறுவனங்கள் மூன்று விஷயங்களுக்கு ஆண்டுதோறும் சான்றளிக்க வேண்டும் என்றது: அழைப்புகளைக் கொண்டுபோகும் சர்க்யூட்டுகள் உண்மையிலேயே வெவ்வேறு பாதையில் போகின்றனவா, எக்ஸ்சேஞ்சில் மாற்று மின்சாரம் இருக்கிறதா, கண்காணிப்பு ஒரே இடத்தில் மாட்டிக்கொள்ளாமல் இருக்கிறதா. அப்படியே செய்ய முடியாவிட்டால் வேறு என்ன ஏற்பாடு, ஏன் அது போதும் என்று எழுதிக் கொடுக்கலாம். மொட்டைமாடிப் பிரச்சினை மாதிரியானவற்றுக்கு இங்கே இடம் இருக்கிறது, ஆனால் மௌனத்துக்கு இடம் இல்லை. பட்டியலில் இருந்த அதே அறிவுக்கு இப்போது ஒரு ஆள் பொறுப்பு.

கையெழுத்து எல்லாவற்றையும் பிடித்துவிடாது. 2014 ஏப்ரலில் கொலராடோவில் ஒரு 911 மையத்தின் மென்பொருள், அழைப்புகளுக்கு எண் கொடுக்கும்போது முன்பே வைத்திருந்த உச்சவரம்பைத் தொட்டு நின்றுவிட்டது. ஏழு மாநிலங்களில் 6,600-க்கும் மேற்பட்ட அழைப்புகள் போய்ச் சேரவில்லை. இந்த மாதிரிப் புதுப் பிழைக்கு உதவுவது மறுபடியும் பொறியாளர்களின் அந்த அறைதான்.

விருப்ப முறை இல்லாமல் கட்டாயம் நிற்காது என்பதற்கு ரோமிங் விஷயம் இன்னும் தெளிவான சாட்சி. பேரிடரில் போட்டியாளரின் வாடிக்கையாளருக்கும் சிக்னல் தருவோம் என்று பெரிய மொபைல் நிறுவனங்கள் 2016-ல் தாங்களாகவே ஒப்பந்தம் செய்துகொண்டன. நல்ல ஒப்பந்தம், ஆனால் சேராத நிறுவனங்களை அது கட்டுப்படுத்தாது. 2022-ல் எஃப்சிசி அதையே கட்டாயமாக்கியது. நிறுவனங்களே எழுதிய வாசகம் என்பதால், ஏற்கெனவே கைப்பழக்கமான ஒன்றைத்தான் விதியாக்க வேண்டியிருந்தது.

எனக்குத் தீராத வருத்தம் ஒன்று உண்டு. நெட்வொர்க் விழுந்தால் எஃப்சிசி-க்குத் தரும் அறிக்கைகள் முதலில் பொதுமக்களுக்கும் கிடைத்தன. 2004-ல் பாதுகாப்புக் காரணம் சொல்லி ரகசியமாக்கினார்கள். தாக்க நினைப்பவனுக்கு வரைபடம் கொடுக்கக் கூடாது என்பது புரிகிறது. ஆனால் ஒரு ஊரில் எந்த நிறுவனம் எத்தனை முறை விழுந்தது, பேட்டரியாலா கேபிளாலா என்பதையாவது, சில மாதம் தாமதித்தாவது வெளியிடலாம். 2021-ல் மாநில அரசு அமைப்புகளுக்குக் கதவைத் திறக்க முடிவெடுத்தார்கள். மாதக் கட்டணம் கட்டுகிறவருக்கு அந்த அறிக்கைகள் இன்னும் திறக்கவில்லை.