பிறக்கும்போதே பல்: பிடுங்கவா, விடவா?

மகன் பிறந்த அன்று மாலை கொட்டாவி விட்டபோதுதான் பார்த்தேன். கீழ் ஈறின் நடுவில் நொய்யரிசி அளவுக்கு ஒரு பல். கொழிஞ்சாம்பாறையிலிருந்து தூக்குப் போசியில் கஞ்சியோடு வந்த மாமியார், "பல்லோடு பிறந்தா தாய்மாமனுக்கு ஆகாது, பிடுங்கிப் போடச் சொல்லு" என்றார். பக்கத்தில் நின்ற என் தம்பிக்கு முகம் சுண்டிவிட்டது. மலையாளத்து டாக்டரம்மா மட்டும் "பேடிக்கேண்டா", பயப்பட வேண்டாம் என்று சிரித்தார்.

2,000 முதல் 3,000 குழந்தைகளில் ஒன்றுக்கு இப்படி வருமாம். மாமன் விஷயத்தை விட்டுவிடுவோம்.

பிடுங்கினால் பயம் ஒரே நாளில் தீரும், அது உண்மை. என் அக்கா மகளுக்குப் பிடுங்கினார்கள். ஆனால் பிறந்த உடனே செய்ய மாட்டார்கள். ரத்தம் உறைய வைட்டமின் கே வேண்டும், பச்சைக் குழந்தைக்கு அது குறைவு. அதனால் பத்து நாள் பொறுப்பார்கள், இல்லையென்றால் ஊசி போட்டாயிற்றா என்று கேட்டுவிட்டுத்தான் கை வைப்பார்கள். இன்னொன்று, இந்தப் பற்களில் நூற்றுக்குத் தொண்ணூறு கூடுதல் பல் இல்லை, சீக்கிரம் வந்த பால் பல்லேதான். எடுத்துவிட்டால் அந்த இடத்தில் ஆறேழு வயதில் நிலைப் பல் வரும்வரை ஓட்டைதான். அக்கா மகளுக்கு இப்போது நாலு வயது. சாப்பிடவோ பேசவோ அவளுக்குக் குறை எதுவும் எனக்குத் தெரியவில்லை, ஆனால் அவளை வளர்த்தது நான் இல்லையே.

நாங்கள் விட்டுவைத்தோம். முடிவு செய்தது பல்லின் ஆட்டம்தான். பிறந்தபோது இதற்கு வேர் ஏறக்குறைய இருக்காது, ஈறுதான் பிடித்து வைத்திருக்கும். அதனால் கொஞ்சம் ஆடத்தான் செய்யும். ரொம்ப ஆடினால் கழன்று மூச்சுக்குழாயில் போய்விடுமோ என்ற பயம் நியாயமானது. அப்படி ஆடினால் நானே பிடுங்கத்தான் சொல்லியிருப்பேன். பல் டாக்டர் விரலை வைத்து அசைத்துப் பார்த்தார். லேசான ஆட்டம்தான், நாள் போகப்போக வேர் இறங்கி இறுகிவிடும் என்றார். வீட்டுக்கு வந்த பிறகு தினமும் காலையில் கை கழுவிவிட்டு நானும் தொட்டுப் பார்ப்பேன். முதல் மாதம் அதே ஆட்டம். என் பொறுமைதான் ஆடிப்போனது. மூன்றாம் மாதம் முடிவதற்குள் பல் கல்லு மாதிரி நின்றுவிட்டது.

ஆட்டத்தோடு நாக்கின் அடிப்பக்கத்தையும் பார்க்க வேண்டும். பால் குடிக்கும்போது நாக்கு கீழ்ப் பல்லின் மேல்தான் கிடக்கும், அதனால் அம்மாவைவிட நாக்குக்குத்தான் காயம் அதிகம். ரிகா-ஃபேடே புண் என்பது அதுதான். இவனுக்கும் இரண்டாவது வாரம் லேசாக வெள்ளை பூத்துப் பால் குடிக்க அழுதான். டாக்டர் பல் முனையை மழமழவென்று ராவிவிட்டார், ஐந்து நிமிஷ வேலை. சில நாளில் புண் ஆறியது. ராவியும் ஆறாத புண் என்றால் பிடுங்கத்தான் வேண்டியிருக்குமாம், எங்களுக்கு அந்த நிலை வரவில்லை.

பல் கொஞ்சம் மஞ்சளாகத்தான் இருக்கிறது. எனாமல் முழுசாக முதிராமல் வந்ததால் அப்படி. இரவு துணியால் துடைத்துவிடுகிறேன்.

தம்பிக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்தப் பல்லால் கடி அதிகம் வாங்கியது மட்டும் அவன்தான்.